உப்புச் சாலையில் ஆகஸ்ட் 15

ஆகஸ்ட் 12, 2024, திங்கள். திருச்சி

"மாமா, நடக்க வேண்டியதில்லையே?" திருச்சி ஜங்ஷனில் இறங்கியதும் என் தங்கை மகன் மறுபடியும் உறுதி கேட்டுக்கொண்டான். இல்லை என்று ஊரிலேயே வாக்குக் கொடுத்துத்தான் அவனைக் கிளப்பியிருந்தேன். 1930-ல் உப்புவரியை எதிர்த்து ராஜாஜியும் தொண்டர்களும் இங்கிருந்து வேதாரண்யம் வரை நடந்த 150 மைலையும் நாங்கள் பஸ்ஸில்தான் கடக்கப் போகிறோம். சுதந்திர தினத்தன்று வேதாரண்யம் பக்கம் இருக்க வேண்டும். திட்டம் அவ்வளவுதான்.

பையன் பொறியியல் முடித்துவிட்டான். கல்லூரிக்கே வந்து ஆள் எடுத்தார்கள், இவனையும் எடுத்தார்கள். வந்து சேரச் சொல்லும் கடிதத்தைத்தான் இன்னும் காணவில்லை. "நாட்டுக்கு நன்றி சொல்ல இவ்வளவு தூரம் போக வேண்டுமா?" என்று ரயிலிலேயே ஆரம்பித்துவிட்டான். நியாயமான எரிச்சல். நான் நன்றி சொல்ல நினைப்பது கோட்டையில் கொடியேற்றுகிறவர்களுக்கு அல்ல, இந்தச் சாலையோரத்து மனிதர்களுக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். இருபத்திரண்டு வயதுக்காரனிடம் அது உபதேசமாகத்தான் போய்ச் சேரும் என்பதால் வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்தேன்.

கன்டோன்மென்டில் டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன் வீட்டிலிருந்து 1930 ஏப்ரல் 13-ல் அந்தப் படை புறப்பட்டது. ஏறக்குறைய நூறு தொண்டர்கள். அன்று தமிழ் வருடப் பிறப்பு. ஜாலியன்வாலா பாக்கில் சுட்டுக் கொன்ற நாளும் அதுவே, 1919-ல். தண்டியில் காந்தி உப்பெடுத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. சித்திரை வெயிலில் தஞ்சை மாவட்டத்தைக் குறுக்காக நடந்து கடலைத் தொடுவது என்று முடிவு. ராஜன் ஸ்ரீரங்கத்துக்காரர், லண்டனில் படித்தவர், பின்னாளில் சென்னை மாகாணத்தில் அமைச்சராகவும் இருந்தார். அந்த வட்டாரத்தில் ஓர் ஆட்டோக்காரரிடம் அவர் பெயரைச் சொல்லி விசாரித்தேன். "கண் டாக்டரா சார்?" என்றார். பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது.

மாலையில் கொள்ளிடப் பாலம். இந்த ஆண்டு வழக்கம்போல ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறக்கவில்லை, திறக்க அணையில் தண்ணீர் இல்லை. கர்நாடகத்தில் மழை கொட்டிய பிறகு ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். இரண்டே நாளில் 120 அடியும் நிரம்பி, மிச்சமெல்லாம் கொள்ளிடத்தில் கடலுக்குப் போனது. குடும்பம் குடும்பமாக வந்து பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்க்கிறார்கள். திருச்சிக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய பண்டிகை கிடையாது என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய். கும்பகோணம்

கல்லணை வழியாகக் கோவிலடி, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு. எங்கும் பஸ்ஸை விட்டு அதிகம் நகரவில்லை. திருவையாற்றில் மட்டும் அசோகா அல்வாவுக்காக இறங்கினோம். வாய்க்கால்களில் செம்மண் நிறத்தில் தண்ணீர் ஓடுகிறது. போர்வெல் வைத்திருப்பவர்கள் குறுவை போட்டிருக்கிறார்கள், மற்றவர்கள் இப்போதுதான் சம்பாவுக்கு உழுகிறார்கள். பக்கத்து இருக்கைப் பெரியவர் சொன்ன கணக்கு இது. ஜன்னல் வழியே பார்த்தால் அப்படித்தான் தெரிந்தது, ஒரு வயல் பச்சை, அடுத்தது வெறும் சேறு.

இந்தச் சாலையில்தான் அந்தச் சோற்று மூட்டைக் கதை நடந்தது. அன்றைய தஞ்சாவூர் கலெக்டர் ஜே. ஏ. தார்ன் ஒரு காரியம் செய்தார். நடந்து வருகிறவர்களை வழியில் அடிக்கவும் இல்லை, கைது செய்யவும் இல்லை. அவர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ சிறை என்று அறிவித்தார். துண்டுப் பிரசுரம் போட்டார், ஊர் ஊராகத் தமுக்கு அடிக்கச் செய்தார். புத்திசாலி. கூட்டத்தைத் தடியால் கலைப்பதைவிடப் பசியால் கலைப்பது சுலபம், பத்திரிகையில் படமும் வராது.

ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? கட்டுச்சோற்றை மூட்டையாகக் கட்டிச் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். ஆற்றங்கரையில் இளைப்பாற உட்கார்ந்தவர்களுக்கு, மணலுக்குள் புதைத்து வைத்திருந்த சோற்றுப் பானைகளைத் தோண்டி எடுக்க அடையாளம் காட்டினார்கள். போலீஸ்காரர் யாரைப் பிடிப்பார்? மரத்தையா?

"கட்டியது யார் என்று எழுதி வைத்திருக்கிறார்களா?" என்று கேட்டான் பையன்.

இல்லை. அதுதான் விஷயமே. கும்பகோணத்தில் தடையை மீறித் தன் வீட்டில் விருந்தளித்துக் கைதான பந்துலு ஐயரைப் போலச் சில பெயர்கள் தெரியும். மரத்தில் மூட்டை கட்டியவர்களின் பெயரை எந்தத் தாமிரப் பட்டயத்திலும் பார்க்க முடியாது. ராஜாஜி சிறைக்குப் போகத் தயாராகவே வந்தவர். தொண்டர்களும் அப்படித்தான். இவர்கள் அப்படியா? மறுநாள் விடிந்தால் அதே வயலுக்குப் போக வேண்டும், அதே மணியக்காரரிடம் கிஸ்தி கட்ட வேண்டும், அதே போலீஸ்காரர் முகத்தில் விழிக்க வேண்டும். விடியற்காலையில் எழுந்து ஒரு படி அரிசி கூடுதலாக வடித்த பெண்ணுக்கு அதற்கு என்ன தண்டனை என்று நன்றாகவே தெரியும், தமுக்கு அடித்துச் சொல்லியிருக்கிறார்களே. அந்தக் காலத்தில் ஒரு படி அரிசி எத்தனை வீடுகளில் கூடுதலாக இருந்திருக்கும்?

மற்றதெல்லாம் கும்பகோணத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எழுதியதுதான். காபி நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 14, புதன். வேதாரண்யம்

கும்பகோணம் பஸ் நிலையத்துக்கு வெளியே கொடி விற்பனை. பெரும்பாலும் பாலியெஸ்டர். 2021 இறுதியில் கொடி விதிகளைத் திருத்தி அதற்கும் அனுமதி கொடுத்துவிட்டார்கள். கைராட்டையை நடுவில் வைத்துக் காங்கிரஸ் கொடி கண்ட நாட்டில் கதர்க்கொடி நெய்கிறவரின் வாயில் மண் போட்ட திருத்தம் அது என்பது என் கட்சி. "கதர்க்கொடி விலை என்ன தெரியுமா மாமா? எல்லோரும் வாங்க வேண்டாமா?" என்பது அவன் கட்சி. நீடாமங்கலம் வரை வாதம் ஓடியது. யாரும் இறங்கி வரவில்லை.

மன்னார்குடி தாண்டியதும் அவனே கேட்டான். "கீழ்வெண்மணி இந்தப் பக்கம்தானே?"

கொஞ்சம் வடகிழக்கே, கீவளூர் பக்கம். 1968 டிசம்பர் 25 இரவு. கூலியைச் சற்று உயர்த்திக் கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெண்களும் குழந்தைகளுமே அதிகம், ஒரு குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். எல்லோரும் தலித்துகள். நாடு விடுதலையாகி இருபத்தோரு ஆண்டு ஆகியிருந்தது. கீழ்நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற நிலச்சுவான்தார்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது.

"இதையும் சேர்த்துத்தானே நன்றி சொல்ல வேண்டும்?" என்றான். குத்தலாகத்தான் சொன்னான். நான் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனைப் பற்றிச் சொன்னேன். அவரும் தலித் குடும்பத்தில் பிறந்தவர். வினோபாவின் பூமிதான இயக்கத்தில் நடந்தவர். வெண்மணிச் செய்தி கேட்டுக் கணவரோடு இந்தப் பக்கம் வந்து இங்கேயே தங்கிவிட்டார். 1981-ல் 'லாஃப்டி' என்ற அமைப்பைத் தொடங்கி, நிலச்சுவான்தார்களிடம் பேசி, வங்கிக் கடனுக்கு அலைந்து, நிலத்தை வாங்கி, குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் வீதம் பெண்களின் பெயரில் பதிவு செய்து கொடுத்தார். ஆயிரக்கணக்கான குடும்பங்கள். பத்திரம் பெண் பெயரில் இருந்தால் கணவனால் அதைச் சாராயக் கடையில் அடகு வைக்க முடியாது. இந்த யோசனை ஒன்றுக்கே அவருக்குச் சிலை வைக்கலாம். 2020-ல் பத்மபூஷண் கொடுத்தார்கள்.

வெண்மணிக்கு இது ஈடு என்று நான் சொல்லவில்லை, அவனும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் நாடு என்று நான் சொல்லும்போது யாரை நினைத்துச் சொல்கிறேன் என்பது அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். திருத்துறைப்பூண்டி வந்ததும் அவனாகவே, "நெல் ஜெயராமன் இந்த ஊர்க்காரர்தானே?" என்றான். ஆமாம், 174 பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடித் தேடிச் சேர்த்துவிட்டு 2018-ல் போய்ச் சேர்ந்தவர். பட்டியல் போடுவதில் அவனும் சேர்ந்துகொண்டானே என்று எனக்கு உள்ளூர மகிழ்ச்சி.

வேதாரண்யத்தில் கோயிலுக்குப் போனோம். அப்பர் பாடித் திறந்து சம்பந்தர் பாடி அடைத்த கதவு. அதைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. எனக்கு இந்த ஊரில் பிடித்த ஆள் வைரப்பன். முடிதிருத்தும் தொழிலாளி. உப்புப் போராட்ட நாட்களில் அரசாங்கத்து ஆட்களுக்குச் சவரம் செய்வதில்லை என்று ஊரில் கட்டுப்பாடு. சாதாரண உடையில் வந்த ஒருவருக்குப் பாதி முகம் மழித்த பிறகுதான் அவர் போலீஸ்காரர் என்று தெரிகிறது. கத்தியைக் கீழே வைத்துவிட்டார். மறுபாதியையும் முடித்துவிடு என்று மாஜிஸ்திரேட் சொல்லியும், வேண்டுமானால் நீங்களே செய்யுங்கள் என்று அவரிடமே கத்தியை நீட்டிச் சிறைக்குப் போனார். பையன் வாய்விட்டுச் சிரித்தான். போராட்டம் என்றால் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 15, வியாழன். வேதாரண்யத்துக்கு வடக்கே

காலையில் ஒரு தொடக்கப் பள்ளியில் கொடியேற்றம். ஊர்ப் பெயரை எழுதவில்லை, காரணம் கீழே. ஜனவரி 26-ல் கொடியை உச்சியிலேயே கட்டி வைத்து அவிழ்ப்பார்கள், ஆகஸ்ட் 15-ல் கீழிருந்து மேலே ஏற்றுவார்கள். தலைமையாசிரியை இதைக் குழந்தைகளுக்கு விளக்கியபோது பின்வரிசையில் நின்ற என் மருமகன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு ஆளுக்கு இரண்டு ஆரஞ்சு மிட்டாய். எனக்கும் கிடைத்தது.

பதினொரு மணிக்குக் கிராம சபை. இதற்காகத்தான் இந்த ஊருக்கே வந்தேன். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர் எவரும் எழுந்து கேள்வி கேட்கலாம், அந்த ஊராட்சியின் கணக்கு மக்கள் முன் படிக்கப்பட வேண்டும். எம்.எல்.ஏ.வுக்கும் எம்.பி.க்கும் வோட்டுப் போட்டுவிட்டு ஐந்து ஆண்டு காத்திருக்கிறோம். இங்கே ஊர்க்காரரே உறுப்பினர். இதைச் சடங்காக நடத்தி, நூறு நாள் வேலைக்கு வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கலைத்துவிடும் ஊர்கள் உண்டு. நானே பார்த்திருக்கிறேன்.

இங்கும் அப்படித்தான் தொடங்கியது. சமுதாயக் கூடத்துக்கு முன்னால் பந்தல், தலைவர், செயலர், வட்டார அலுவலகத்திலிருந்து ஒருவர். பெண்கள்தான் அதிகம். செயலர் வரவு செலவை எவருக்கும் காது கேட்காத குரலில் ஓட்டிக்கொண்டிருந்தார். முன்வரிசையிலிருந்து ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா எழுந்தார். "ஐயா, யாருக்குப் படிக்கிறீர்கள்?" என்றார். செயலர் தொண்டை சரியில்லை என்றார். அந்த அம்மா கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார், ஓரமாக உட்கார்ந்திருந்த எங்களைக் கண்டார். "தம்பி, வெளியூரா? படித்த பிள்ளைதானே? வந்து இதை உரக்கப் படி."

பையன் என்னைப் பார்த்தான். நான் வேறு எங்கோ பார்த்தேன்.

படித்தான். தயங்கித்தான் தொடங்கினான். இரண்டாம் பக்கத்தில் குரல் ஏறிவிட்டது. குடிநீர்த் தொட்டி சுத்தம் செய்த செலவு, மோட்டார் பழுது, பிளீச்சிங் பவுடர், தெருவிளக்குப் பராமரிப்பு. தெருவிளக்கு என்று வந்ததும் கடைசி வரிசையில் ஒருவர் எழுந்து, "அந்த வரியை இன்னொரு முறை படி, கேட்கவே இனிமையாக இருக்கிறது. எங்கள் தெருவில் பொங்கலிலிருந்து இருட்டு" என்றார். சிரிப்பு அடங்கச் சிறிது நேரம் பிடித்தது. காலனித் தெருவிலிருந்து வந்த பெண்கள் தங்கள் பக்கமும் இருட்டுதான் என்றார்கள். ஒருவர் பின் ஒருவராகத் தெருப் பெயரைச் சொல்லத் தொடங்கினார்கள். வட்டார அலுவலர், நல்ல யோசனை, கவனிக்கிறோம் என்றார். அந்த அம்மா விடவில்லை. "கவனிப்பது இருக்கட்டும். எந்தத் தெருவில் எத்தனை விளக்கு எரியவில்லை என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். எழுதிய பிறகு கையெழுத்துப் போடுகிறோம்."

எழுதினார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆனது. தலைவர் முகத்தைச் சுளிக்காமல் உட்கார்ந்திருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். நூறு நாள் வேலைக் கூலி தாமதம், வடிகால் வாய்க்கால் தூர்வாருவது, பள்ளிச் சுற்றுச்சுவர் என்று அடுத்தடுத்து வந்தன. சிலவற்றுக்குப் பதில் இருந்தது, சிலவற்றுக்கு வழக்கமான மழுப்பல்.

இந்த ஊரை 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் புரட்டிப் போட்டது. தென்னை ஒன்றுகூட நிற்கவில்லை என்றார்கள். இப்போது நிற்பவை அதன் பிறகு வைத்த கன்றுகள், சில காய்க்கத் தொடங்கிவிட்டன. தென்னை வைப்பவனுக்குப் பொறுமை வேண்டும், அதைவிடக் கிராம சபைக்கு வருகிறவர்களுக்கு வேண்டும். சுதந்திர தினத்தில் செங்கோட்டை உரையைக் கேட்டு எனக்கு நாட்டின் மேல் நம்பிக்கை வந்ததில்லை. அந்த அம்மா பேனாவை மூடி வைத்துக்கொண்டு, எழுதி முடிக்கும்வரை கையெழுத்துப் போட மறுத்து நின்றபோது வந்தது. ஊர்ப் பெயரை எழுதாததும் அவருக்காகத்தான். கேள்வி கேட்டவர் யார் என்று வெளியூர்க்காரன் எழுதி மாட்டிவிட வேண்டாம்.

மாலையில் கஸ்தூர்பா காந்தி கன்னியா குருகுலம் பக்கம் நடந்தோம். சர்தார் வேதரத்தினம் 1946-ல் தொடங்கியது. ராஜாஜியின் படையை வேதாரண்யத்தில் வரவேற்று, அதற்காகச் சிறைக்கும் போன உப்பு வியாபாரி அவர். போராட்டம் முடிந்ததும் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார்.

"மாமா, நான் தப்பில்லாமல் படித்தேனா?" என்றான் திரும்பி வரும்போது. பிளீச்சிங் பவுடரை மட்டும் விழுங்கினாய் என்றேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி. அகஸ்தியம்பள்ளி

1930 ஏப்ரல் 30 காலையில் ராஜாஜி உப்பை அள்ளிக் கைதானது இங்கேதான். ஆறு மாதச் சிறை. ருக்மிணி லட்சுமிபதியும் இந்தப் போராட்டத்தில் சிறை சென்றார். நினைவுத் தூண் இருக்கிறது. எதற்காகப் போராடினார்களோ அந்த உப்புவரியை, விடுதலைக்கு முன்பே இடைக்கால அரசு நீக்கிவிட்டது.

தூணுக்கு அப்பால் கண்ணுக்கு எட்டிய வரை பாத்திகள். மழைக்காலத்துக்கு முன் எடுத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் வேலை நடக்கிறது. உவர்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் விட்டு, அடர்த்தியைக் காட்டும் டிகிரி ஏற ஏற முதலில் ஜிப்சம் தனியாகப் படிகிறது, 25 டிகிரியை நெருங்கும்போது உப்பு விளைகிறது. அதைப் பலகையால் வாரிக் குவித்து, மேட்டில் அம்பாரமாக்கிக் கீற்றால் மூடுகிறார்கள். ஒரு மழை பெய்தால் பாத்தியில் விளைந்ததெல்லாம் கரைந்து மறுபடி முதலிலிருந்து. வெயிலில் அந்த வெண்மையை ஐந்து நிமிடம் பார்த்ததற்கே எனக்குக் கண் கூசியது. வாரிக்கொண்டிருந்த பெண்ணிடம் கண்ணாடி போடக் கூடாதா என்றேன். வியர்வையில் நிற்பதில்லை, ஐயா, என்றார். ரப்பர் பூட்ஸ் முதலாளி தருவாரா என்று பையன் கேட்டதற்கு, அதை அடுத்த முறை நீ வந்து அவரிடமே கேள் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். விடுதலைப் போரின் புண்ணியத் தலத்தில் உப்பு வாருகிறவர் காலில் பூட்ஸ் இல்லை. நன்றியோடு இதையும் எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

திரும்புவதற்கு ரயில். மீட்டர் கேஜ் காலத்தில் நின்றுபோன பாதை, அகலப் பாதையாகி 2023 ஏப்ரலில் மறுபடி திறந்தது. அகஸ்தியம்பள்ளியிலிருந்து திருத்துறைப்பூண்டி வரை 37 கிலோமீட்டர். பெட்டியில் கூட்டம் இல்லை. பையன் செல்பேசியில் மின்னஞ்சலைப் பார்த்தான். கடிதம் வரவில்லை. உள்ளே போட்டுவிட்டான்.

"அக்டோபர் 2-ல் நம் ஊரில் கிராம சபை எங்கே மாமா நடக்கும்?"

"நாம் நகராட்சி. நமக்குக் கிராம சபை கிடையாது. வார்டு கமிட்டி, பகுதி சபை என்று 2022-ல் விதி கொண்டுவந்தார்கள்."

"நம் வார்டில் கூடுகிறதா?"

"எனக்கு யாரும் சொன்னதில்லை."

"நீங்கள் கேட்டீர்களா?"

கேட்டதில்லை என்றேன். கவுன்சிலர் வீடு எந்தத் தெரு என்று விசாரித்தான். எதிர் வீட்டுக்கு அடுத்த சந்து என்று சொன்னதும் அவனுக்கு வந்த சிரிப்பில், திருத்துறைப்பூண்டியில் இறங்கி மன்னார்குடி பஸ்ஸுக்கு ஓடும்வரை என்னை விடவில்லை.